இறுதிப் போட்டிக்கு முந்தின இரவு

ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. ஆரம்பாக்கத்திலிருந்து சென்னை சென்ட்ரல் பக்கம் போகும் மின்சார ரயிலில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்த சென்னையின் எஃப்சி நீலச் சட்டையோடு ஏறும் இளைஞனுக்கு நேரு விளையாட்டரங்கம் எட்டும் தூரம்தான். இறுதிப் போட்டிதான் எட்டாது. சென்னை ஆடிய மூன்று ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) இறுதிகளும் வெளியூரில் நடந்தவை.

2015 டிசம்பர் 20, கோவா. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது சென்னை 1-2 எனப் பின்தங்கியிருந்தது. கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கைபட்டுப் பந்து வலைக்குள் போனது. அடுத்து சென்னையின் மென்டோசா அடித்தார். 3-2. அதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த இறுதிக்கு முந்தின இரவில் எப்படித் தூக்கம் வரும்?

2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் எதிரணியின் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் போட்டார். சென்னையின் மயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு கோல் திருப்பினார். மறுபடியும் 3-2, மறுபடியும் கோப்பை.

2020 மார்ச் 14 வேறு கதை. கொரோனாவால் கோவா அரங்கம் காலி. எதிரணியான ஏடிகே 3-1 என வென்றது. தோல்வியைவிட அந்த வெற்று இருக்கைகள்தான் வலித்தன.

ஷிப்ட் மாற்றிக்கொண்டு, நாள் எண்ணிக் காத்திருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளியிடம் கோவா போகச் சொல்வது நியாயமில்லை. சென்னை அடுத்து இறுதிக்கு வரும்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு பெரிய திரை வையுங்கள்.