கடைமடைக்கும் அலை சேரட்டும்

நுழையும்முன்

வயல்நீரைப் போலவே வானலைகளும் பங்கிட்டே நுகரப்படுகின்றன. பங்கிடுவது கருவியே ஆயினும், பங்கிடும் முறையை வகுப்பவர் மனிதரே. அம்முறையில் திறனும் நீதியும் ஒருங்கே அமைய இயலும் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

ஏரிப் பாசனத்தில் மதகை அடுத்துள்ள வயல் தலைமடை எனவும், வாய்க்காலின் இறுதியில் உள்ள வயல் கடைமடை எனவும் வழங்கப்படும். நீர் குறையும் காலத்தில் தலைமடையார் விரும்பியவாறு பாய்ச்சிக்கொண்டால் கடைமடைப் பயிர் கருகும். ஆகவே, முறைவைத்து நீர் பாய்ச்சும் வழக்கத்தை ஊரார் ஏற்படுத்தினர். இன்று அலைபேசிக் கோபுரத்தைச் சுற்றியும் தலைமடை, கடைமடை உண்டு. அங்கே முறைவைப்பது கணினி நிரல்.

ஊர்தி அலையும் பாத்திகளும்

குரலையும் எழுத்தையும் படத்தையும் சுமந்து செல்லும் அலை, ஊர்தி அலை எனப்படும். நான்காம் தலைமுறைத் தொழில்நுட்பமான எல்.டி.இ. முறையில் ஓர் ஊர்திக்கு மிகுதியாக 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் உண்டு. அது 180 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 100 பாத்திகளாகப் பிரிக்கப்படுகிறது. எந்தப் பாத்தி எந்த அலைபேசிக்கு என்பதை நிரலானது மில்லி நொடிக்கு ஒருமுறை முடிவு செய்கிறது. 2011ஆம் ஆண்டு நிறைவுற்ற தரநிலை, ஒரே அலைபேசி ஐந்து ஊர்திகளை ஒருங்கே பயன்படுத்தவும் வழிவகுத்தது.

மூவகைப் பங்கீடு

கோபுரத்தின் அருகே ஒருவர் திரைப்படம் பார்க்கிறார். தொலைவிலுள்ள சிற்றூரில் ஒரு மாணவி கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள். முழு ஊர்தியும் கிடைத்தால் அவர் நொடிக்கு 40 மெகாபிட் பெறுவார். அவள் 4 மெகாபிட் பெறுவாள் எனக் கொள்வோம்.

மொத்த அளவே குறிக்கோள் எனில், எல்லா நேரத்தையும் அருகிலிருப்பவருக்கே தரவேண்டும். மொத்தம் 40 மெகாபிட்; மாணவிக்கோ ஒன்றுமில்லை. இருவரும் ஒரே வேகம் பெறவேண்டும் எனில், பதினொரு பங்கு நேரத்தில் பத்துப் பங்கு மாணவிக்குச் செல்லும். ஒவ்வொருவரும் ஏறத்தாழ 3.6 மெகாபிட் பெறுவர், மொத்தம் 7.3 ஆகச் சுருங்கும். நேரத்தைச் சமமாகப் பகிர்ந்தால் 20, 2 என அமையும்.

அலையின் வலிமை கணந்தோறும் ஏறி இறங்கும் இயல்புடையது. இவ்வியல்பைப் பயன்கொள்வது விகித நீதி முறை. ஒவ்வொருவரும் இதுவரை பெற்ற சராசரி வேகத்தோடு, இக்கணத்தில் பெறக்கூடிய வேகத்தை ஒப்பிட்டு, எவருக்கு அவ்விகிதம் மிகுதியோ அவருக்கே அது பாத்தியை வழங்கும். தொலைவிலிருப்பவரும் தமக்குரிய நல்ல கணத்தில் முறை பெறுவர். நேரம் வீணாவதில்லை, எவரும் முற்றிலும் விடுபடுவதுமில்லை.

மாற்றுவழி இல்லாதார்

ஊர்திகள் பலவாகும்போது இந்நீதி இன்னும் எளிதாகிறது. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ் அதிர்வெண் அலை நெடுந்தொலைவு செல்லும். 3300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் அலை அத்தனை தொலைவு எட்டாது. ஆயினும் அங்கே அகன்ற அலைக்கற்றை கிடைக்கும். அருகிலிருப்பவருக்கு இரண்டும் எட்டும். தொலைவிலிருப்பவருக்குத் தாழ் ஊர்தி ஒன்றே துணை. அருகிலிருப்பவர் இரண்டையும் ஒருங்கே பற்றிக்கொண்டால் அவர் வேகம் சற்றுக் கூடும், கடைமடையோ வறளும். நெரிசல் வேளையில் அவரை உயர் ஊர்திக்கு மாற்றினால் அவருக்குப் பெரிய இழப்பில்லை. மாணவிக்கோ வழி திறக்கும். மாற்றுவழி இல்லாதாருக்கு முதலிடம் என்பதே பல்லூர்திப் பங்கீட்டின் அடிப்படை விதியாக வேண்டும்.

மறுப்பும் விடையும்

ஏலத்தில் பெரும்பொருள் கொடுத்து அலைக்கற்றை பெற்ற நிறுவனம், மொத்தப் பயனைப் பெருக்க விழைவது இயல்பே என்பர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. மொத்தப் பயன் மிகுந்தால் சேவையின் செலவு குறையும். எனினும், நிறுவனம் பெற்றது பயன்படுத்தும் உரிமையே. வானலைகள் பொதுச்சொத்து என இந்திய உச்சநீதிமன்றம் 1995ஆம் ஆண்டு தீர்ப்புரைத்துள்ளது. பொதுச்சொத்தின் பயன் கோபுரத்தின் நிழலோடு நின்றுவிடலாகாது.

புதிய கோபுரங்களை நிறுவுவதே தீர்வு என்பாரும் உளர். அது வேண்டியதே. ஆயினும் எத்தனை கோபுரங்கள் எழுந்தாலும், ஒவ்வொன்றிற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையில் ஒருவர் இருப்பார்.

அளவுகோல் மாறட்டும்

சராசரி வேகம் கடைமடையின் வறட்சியை மறைத்துவிடும். முன்னர்க் கண்ட கணக்கில் மாணவி ஒன்றும் பெறாதபோதும் சராசரி 20 மெகாபிட்! பொறியாளரிடம் வேறோர் அளவுகோலும் உண்டு. 100 பயனரில் 95 பேருக்குக் குறையாமல் கிடைக்கும் வேகம் எவ்வளவு என்பதே அது. சேவையின் தரத்தை விளம்பரம் செய்வோரும் மதிப்பிடுவோரும் சராசரியோடு இவ்வளவையும் சேர்த்து வெளியிட வேண்டும். கடைமடை நனைந்ததா என்று பார்த்தே பாசனம் முறையாக நடந்ததா என்பதை ஊரார் அறிந்தனர். அலைக்கற்றைப் பங்கீட்டிற்கும் அதுவே தக்க அளவுகோல்.