கிணற்றுக்குள் இளவரசன்

இந்த வாரம் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கடைத்தெருப் பக்கம் ஒரு கடையின் மேல்மாடி. வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, வெர்டியின் ‘அய்டா’ ஓபராவை ஓட்டினார்கள். 1871இல் கெய்ரோவில் முதலில் மேடையேறியது. எகிப்தியப் படைத்தலைவன் ரதாமேஸ் எதிரி நாட்டுப் பெண்ணைக் காதலிக்கிறான். படை போகும் வழியை அவளிடம் சொல்லிவிட, அவள் அப்பன் ஒளிந்திருந்து கேட்டுவிடுகிறான். ரதாமேஸை உயிரோடு கல்லறையில் அடைக்கிறார்கள். அவளோ முன்பே உள்ளே போய்க் காத்திருக்கிறாள்.

படம் முடிந்து தே தாரிக் வந்ததும் பேச்சு சூடுபிடித்தது. நாடா, காதலா? அப்போதுதான் ஒரு தம்பி, “பாட்டாலேயே இப்படிக் கதை சொல்றதெல்லாம் நம்ம ஊர்ல ஏதுண்ணே?” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு அடுத்து நான் எங்கே போவேன் என்று தெரியும். ஆமாம், ‘இந்திரசபா’தான். அய்டாவுக்கு முன்பே, 1850களில், லக்னோவில் ஆகா ஹசன் அமானத் உருதுவில் எழுதிய இசை நாடகம். இந்திரன் சபையில் ஆடிப்பாட வேண்டியவள் பச்சைப் பரி என்ற தேவதை. மண்ணுலக இளவரசன் குல்ஃபாம் மேல் ஆசை வைக்கிறாள். சபையைப் பார்க்க வேண்டும் என்று அவன் அடம்பிடிக்க, ஒளித்து அழைத்துவருகிறாள். சிவப்பு அரக்கன் காட்டிக்கொடுக்கிறான். குல்ஃபாமுக்குக் கிணறு, அவளுக்கு இறக்கை போய்விடுகிறது. யோகினி வேடத்தில் பாடித் திரிகிறாள். அந்தப் பாட்டில் மயங்கிய அதே இந்திரன் என்ன வேண்டும் என்று கேட்க, குல்ஃபாமைக் கேட்டு வாங்குகிறாள். எந்தப் பாட்டு அவளுக்குச் சபையில் கடமையாக இருந்ததோ, அதுவே காதலனை மீட்டுத் தருகிறது. வெர்டியிடம் கடமைக்கு இந்த ஈரம் கிடையாது. 1932இல் இதையே சுமார் 70 பாட்டுகளோடு இந்திப் படமாக எடுத்தார்கள்.

பார்சி நாடகக் குழுக்கள் இப்படிப்பட்ட கதைகளைக் கப்பலேற்றிக் கொழும்புக்கும் பினாங்குக்கும் கொண்டுவந்தன. அதைப் பார்த்துத்தான் 1885இல் இதே ஜார்ஜ்டவுனில் மாமாக் பூஷியின் குழு மலாயில் ஆடத் தொடங்கியது. பங்சாவான் என்ற மலாய் இசை நாடகம் பிறந்த கதை அது. அரண்மனை, காடு, தெரு என்று தீட்டிய படுதாக்கள், ஹார்மோனியம், தபலா, எழுதிவைத்த வசனம் இல்லாமல் மேடையிலேயே பேசிப் பாடும் நடிகர்கள். நம் இந்திரசபாவும் அதில் மலாய் பேசியது. தான் சூய் பெங் பங்சாவான் பற்றி 1993இல் வெளியிட்ட நூலை அந்தத் தம்பி ஒருமுறை படித்துவிட வேண்டும்.

தமிழுக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் இருக்கிறார். கோவலன், வள்ளி திருமணம், பவளக்கொடி எல்லாம் பாட்டால் நடந்த நாடகங்கள்தானே? காதலும் கடமையும் மோதுவதைப் பார்க்க நாம் கெய்ரோவரை போக வேண்டியதில்லை.

திரை கட்டியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அதே வேட்டியில், கோவலன் கதையைச் சொல்லும், 1964இல் வந்த ‘பூம்புகார்’ படத்தைப் போடுங்கள், கே. பி. சுந்தராம்பாள் கவுந்தியடிகளாகப் பாடுகிறார். வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்து நாடக நோட்டீஸோ பாட்டுப் புத்தகமோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கையோடு எடுத்து வாருங்கள், வைத்துப் பேசுவோம்.