கிறிஸ்மஸ் வாரத்துல போறவன் முட்டாளா?

நவம்பர் பொறந்தா போதும், நம்ம ஆளுங்க ஆரம்பிச்சுடுவாங்க. "ஆர்லாண்டோவா? கிறிஸ்மஸ் வாரத்துலயா? உமக்கென்ன ஓய் கிறுக்கா? டிசம்பர் முதல் வாரம் போயிருக்கணும். டிக்கெட்டும் சல்லிசு, கூட்டமும் கம்மி." சொல்றவர் முகத்துல ஒரு சிரிப்பு இருக்கும் பாருங்க, பத்தாம் வகுப்புல கணக்கு வாத்தியார் நம்ம நோட்டைப் பார்த்து சிரிச்ச அதே சிரிப்பு.

மக்களே, இந்தப் பதிவு அந்த சிரிப்புக்கு பதில். கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். பொறுத்துக்கோங்க.

முதல்ல என் கதை. நான் ஆணி புடுங்கறது கான்ட்ராக்ட்ல. மணிக்கணக்குக்கு சம்பளம். டிசம்பர் கடைசி வாரம் கிளையன்ட் ஆபீசை இழுத்து மூடிடுவான். அந்த வாரம் எனக்கு லீவு, ஆனா சம்பளம் கிடையாது. மத்த நாள்ல லீவு எடுத்தா அதுக்கும் சம்பளம் கிடையாது. பொண்ணுக்கு ஸ்கூல் லீவும் அந்த வாரம்தான். தங்கமணிக்கும் அந்த வாரம்தான். ஆக, 'டிசம்பர் முதல் வாரம் போ'ன்னு சொல்றது எனக்கு யோசனை இல்லை, வேற யாரோ ஒருத்தருக்கு எழுதின லெட்டர்.

இப்ப விஷயத்துக்கு வரேன். டிஸ்னி பார்க்குகள்ல நாளுக்கு நாள் மாறும் டிக்கெட் விலை வந்தது 2016-ல. அதுக்கு முன்னாடி செவ்வாய்க்கிழமை போனாலும் கிறிஸ்மஸ் அன்னிக்குப் போனாலும் ஒரே விலை. 2022 டிசம்பர்ல மேஜிக் கிங்டம் ஒரு நாள் டிக்கெட் கூட்டமில்லாத நாள்ல 124 டாலர், பண்டிகை நாள்ல 189 டாலர். அதே ரைடு, அதே பாப்கார்ன், வரிசை மட்டும் மூணு மடங்கு. சரக்கு மோசமாகும்போது விலை ஏறுற ஒரே கடை இதுதான்னு நினைக்கிறேன்.

உடனே ஒரு எக்கனாமிக்ஸ் புலி வருவார். "டிமாண்ட் சப்ளை தானேய்யா, இதுல என்ன கோவம்?"

சரி அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு கேள்வி. தீபாவளிக்கு முந்தின நாள் சென்னையிலேர்ந்து திருநெல்வேலிக்கு ஆம்னி பஸ்காரன் வழக்கமான கட்டணத்தை மடங்கு மடங்கா ஏத்தினா நாம என்ன சொல்றோம்? 'பகல் கொள்ளை'ன்னு சொல்றோம். அரசாங்கம் நடவடிக்கை எடுக்கணும்னு பதிவு போடறோம். நம்ம ரயில்வே ராஜதானி, சதாப்தியில ஏறுற கட்டணம் கொண்டு வந்ததும் அதே 2016-லதான். அப்ப திட்டினவங்க எத்தனை பேர்! அதே காரியத்தை ஒரு எலி காதை மாட்டிக்கிட்டு அமெரிக்காவுல செஞ்சா, 'டைனமிக் ப்ரைசிங், என்னமா யோசிக்கிறான் பாரு'ன்னு வாயைப் பொளக்கறோம். கோயம்பேட்டுல கொள்ளை, ஃப்ளோரிடாவுல மேனேஜ்மென்ட் பாடமா?

'ஊருக்குப் போறது அவசியம், இது பொழுதுபோக்கு, காசு இல்லேன்னா போகாதே'ன்னு நீங்க கேட்கலாம். நியாயம். ஒத்துக்கறேன். பார்க் போகாம யாரும் செத்துப் போறதில்லை. ஆனா நான் கேட்கறது சலுகை இல்லை. டிமாண்ட், டிமாண்ட்னு சொல்றீங்களே, அது எங்கேயிருந்து வருதுன்னு மட்டும் பாருங்க. கூட்டத்துல இடிபடற ஆசையில யாரும் அந்த வாரம் போறதில்லை. அந்த வாரத்தை நமக்காக முடிவு பண்ணினது ஸ்கூலும் ஆபீசும். நினைச்சப்ப லீவு போடறவருக்கு விலை கம்மி, லீவு கேட்டு கையைக் கட்டி நிக்கறவனுக்கு விலை ஜாஸ்தி. இதுல கூடுதலா அவனுக்கு முட்டாள் பட்டம் வேற.

அடுத்து வரிசை சமாச்சாரம். 1999-ல வந்த ஃபாஸ்ட்பாஸ் இலவசம். டிக்கெட் வாங்கின எல்லாருக்கும் உண்டு, சீக்கிரம் எழுந்து ஓடறவனுக்கு லாபம். 2021 அக்டோபர்லேர்ந்து அதுக்கு காசு. ஆரம்பத்துல ஒரு நாளைக்கு ஆளுக்கு 15 டாலர். 2023 டிசம்பர் கடைசி வாரத்துல மேஜிக் கிங்டம்ல 39 டாலர். 2024-ல இன்னொண்ணு வந்தது, ப்ரீமியர் பாஸ். எல்லா முக்கிய ரைடுலயும் தலைக்கு ஒரு தடவை நேரா உள்ளே போகலாம். பண்டிகை நாள் விலை 449 டாலர் வரைக்கும். இது நுழைவு டிக்கெட்டுக்கு மேல, ஐயா!

"அந்தக் காலத்துலயும் ரைடுக்கு ரைடு காசுதானே"ன்னு வரலாறு தெரிஞ்சவர் சொல்வார். ஆமா, 1971-ல மேஜிக் கிங்டம் திறந்தப்ப ஏ-யிலிருந்து ஈ வரைக்கும் சீட்டுப் புத்தகம் இருந்தது, 1982 வரைக்கும். நல்ல ரைடுக்கு ஈ சீட்டு. ஆனா ஈ சீட்டு வச்சிருந்தவன் எல்லாரும் ஒரே வரிசையிலதான் நின்னான். அன்னிக்கு காசு கொடுத்து ரைடை வாங்கினான். இன்னிக்கு காசு கொடுத்து அடுத்தவன் நிக்கற இடத்தை வாங்கறான். காசு வாங்கினதால ரைடு ஒண்ணும் வேகமா ஓடறதில்லை. ஒருத்தன் முன்னாடி போனா இன்னொருத்தன் பின்னாடி போறான், அவ்வளவுதான் கணக்கு.

போன தடவை அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. ஆர்லாண்டோவுல ஒரு பார்க், எதுன்னு சொல்லப் போறதில்லை. ஒரு மணி நேரம் நின்னாச்சு. பக்கத்து வழியில சர்சர்னு ஆளுங்க போறாங்க. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டு கேட்டாங்க. "ஏல, இது திருப்பதி மாதிரில்லா இருக்கு. இங்கயும் முந்நூறு ரூவா கியூ உண்டோ?"

நான் சிரிச்சுட்டேன். பொண்ணு சிரிக்கல. "அவங்க ஏம்ப்பா முன்னாடி போறாங்க? லேட்டா தானே வந்தாங்க?"ன்னா. "காசு கட்டியிருக்காங்கம்மா"ன்னேன். "நாமளும் கட்டினோம்ல?"

எட்டு வயசுக்கு என்ன பதில் சொல்வீங்க? வரிசையில நில்லு, முந்தாதே, உன் முறை வரும்னு நாமதான் சொல்லிக் கொடுத்தோம். அவ கனவு உலகம்னு நம்பி வந்த இடம் வேற பாடம் நடத்துது. எனக்கு அன்னிக்கு வலிச்சது காசு இல்லை, அந்தக் கேள்விதான்.

இன்னொரு கணக்கும் சொல்லணும். டிஸ்னி வேர்ல்ட் தொழிலாளர்கள் யூனியன் 2023 மார்ச்சுல போட்ட ஒப்பந்தப்படி, அந்த வருஷக் கடைசிக்குள்ள குறைந்தபட்ச கூலி மணிக்கு 18 டாலர். அந்த 449 டாலர் பாஸ் ஒண்ணுக்கு அந்தக் கூலிக்காரர் 25 மணி நேரம் உழைக்கணும். கிறிஸ்மஸ் அன்னிக்கு நம்ம பிள்ளையை ரைடுல உட்கார வச்சு பெல்ட்டை சரிபார்க்கறவங்களும் யாரோ பிள்ளையைப் பெத்தவங்கதான். அவங்களுக்கும் அந்த வாரம் லீவு இல்லை. நம்மளை மாதிரியே, காலண்டரை அவங்க எழுதலை.

கடைசியா புத்திசாலிகளுக்கு ஒரு சின்ன செய்தி. மேஜிக் கிங்டம்ல கிறிஸ்மஸ் பார்ட்டின்னு தனி டிக்கெட் ராத்திரிகள் உண்டு, 1983-லேர்ந்து. இப்பல்லாம் நவம்பர்லயே ஆரம்பிச்சுடறாங்க. ஹாலோவீன் பார்ட்டி இன்னும் மோசம், 2024-ல ஆகஸ்ட் 9-ஆம் தேதியே ஆரம்பம், வேர்க்க வேர்க்க பேய் வேஷம்! பார்ட்டி நாள்ல சாதா டிக்கெட்காரன் சாயந்திரம் ஆறு மணியோட வெளியே. கிறிஸ்மஸ் ஊர்வலமும் வாணவேடிக்கையும் பார்ட்டி டிக்கெட்காரனுக்கு. நீங்க சல்லிசுன்னு போற டிசம்பர் முதல் வாரத்துல அப்படி பல ராத்திரி. பார்ட்டியெல்லாம் முடிஞ்சப்புறம், கடைசி வாரத்துலதான் அந்த ஊர்வலமும் வாணவேடிக்கையும் சாதா டிக்கெட்டுக்கே கிடைக்குது. ஆக, முட்டாள்ங்க போற வாரத்துலதான் ராத்திரி எல்லாரும் ஒரே தெருவுல நின்னு ஒரே வானத்தைப் பார்க்கறாங்க :-)

அதனால போறவங்க போங்க. காலையில திறக்கறதுக்கு முன்னாடி வாசல்ல நில்லுங்க, மத்தியானம் ரூமுக்கு வந்து தூங்குங்க, சாயந்திரம் திரும்பப் போங்க. குறுக்கு வழி டிக்கெட் வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம், வாங்கினவரை நான் திட்டலை. ஆனா இனிமே டிப்ஸ் பதிவு போடறவங்க, முதல் வரியில 'நினைச்சப்ப லீவு கிடைக்கிறவங்களுக்கு மட்டும்'னு ஒரு வார்த்தை போட்டுடுங்க சாமி. மிச்சப் பேரை முட்டாள்னு சொல்றதை நிறுத்துங்க.

டிஸ்கி: அம்மா கேட்ட முந்நூறு ரூபாய் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லலை. திருப்பதியில முந்நூறு ரூபா டிக்கெட் எடுத்து நானும் போயிருக்கேன். அப்ப தர்ம தரிசன வரிசையில நின்ன எந்தப் பிள்ளை என்னைப் பார்த்து என்ன கேட்டுச்சோ, யார் கண்டா.