பனி விடைபெறும் வழி

மாசித் திங்களின் பிற்பகுதியில் ஒருநாள் விடியற்காலையில், திருமுட்டம் என்றும் வழங்கும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வெள்ளாற்றை நோக்கி நடப்போமாக. புல்லின் நுனிதோறும் பனித்துளி நிற்கிறது. ஆனால் தைத் திங்களில் நின்றதுபோல் நெடுநேரம் நிற்பதில்லை. கதிரவன் பனை உயரம் ஏறுமுன்னரே அது மறைந்துவிடுகிறது. வேப்பமரம் பழுத்த இலைகளை உதிர்த்துக்கொண்டு நிற்கிறது. புங்கமரத்திலோ இளந்தளிர் மின்னுகிறது.

பனி என்னும் ஒரே சொல்லால் நாம் புல்நுனி நீர்த்துளியையும் குறிக்கிறோம். இமயத்தின் முடியில் உறைந்து கிடப்பதையும் குறிக்கிறோம். ‘பனி உருகிற்று, வசந்தம் பிறந்தது’ என்று மேலைநாட்டுக் கதைகளிற் படிக்கும் நம் மாணவர் பலர், அத்தகைய மாறுதல் நம் நாட்டில் இல்லை என்றே எண்ணுகின்றனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பெரும்பொழுதுகளை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். ‘இவ்வாண்டு உன் ஊரில் பனி எந்நாளில் ஓய்ந்தது?’ என்று கேட்டால் விழிப்பார்கள். இது மாணவர் குற்றமன்று. பருவங்களை நாவினாற் கற்பித்தோமேயன்றிக் காலினாற் கற்பிக்கவில்லை. பருவப் பாடத்தை ஊர்ப்புற வழிகளில் நடந்தே கற்க வேண்டும் என்பது என் கருத்து.

நடந்தால் என்ன தெரியும்? முதலில் பனியே தெரியும். மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுக் குளிர்கிறது. அதைத் தொட்டு நிற்கும் காற்றும் குளிர, அதிலுள்ள நீராவி துளியாகப் படிகிறது. மாசியும் பங்குனியும் செல்லச் செல்ல, கதிரவன் வடக்கு நோக்கி வருகிறான், பகல் நீள்கிறது, இரவின் குளிர் தளர்கிறது, துளியும் அருகுகிறது. வடநாட்டு உழவன் பனி உருகுவதை ஆவலோடு எதிர்நோக்குவான். நம் உழவனோ பனி இன்னும் சில நாள் இருக்கக்கூடாதா என்று ஏங்குவான். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து வயல்களில், சம்பா நெல்லை அறுப்பதற்குச் சில நாள் முன்னரே, நிற்கும் பயிரினூடே உளுந்தையும் பயற்றையும் தெளிப்பார்கள். அவற்றிற்கு நீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் எஞ்சிய ஈரமும் இரவுப் பனியுமே அவற்றின் உணவு.

ஆற்றங்கரையை அடைந்தால் வேறொரு வியப்பு. குளிர்நாடுகளில் இளவேனில் வந்தால் ஆறு பெருகும். பனி உருகிய நீரெல்லாம் அதில் வந்து சேரும். நம் வெள்ளாறோ இப்பருவத்திற் சுருங்கும். மணிமுத்தாறு வந்து கலக்கும் திருக்கூடலையாற்றூர்ப் பக்கம் சென்று நின்றால், கார்த்திகையிற் கரை தொட்ட ஆறு, மணலிடையே மெல்லிய இழையாக ஒதுங்கும் பருவத்தைக் காணலாம்.

இந்நடை ஸ்ரீமுஷ்ணத்தாருக்குப் புதியதன்று. மாசிமகத்தை ஒட்டிப் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். வழியிலுள்ள தைக்காலில் இஸ்லாமியரும் அவரை வரவேற்றுச் சிறப்புச் செய்வது நெடுநாள் வழக்கம். மக்கள் கூட்டங்கூட்டமாகச் செல்லும் அவ்வழி, பனி விடைபெறும் பருவத்தின் வழியுமாகும். விழாவைக் காணும் கண், ஓரத்து மரத்தையும் ஒரு நொடி காணலாகாதா?

கண்டதை எழுதிவைக்கவும் வேண்டும். ஜப்பான் நாட்டில் சுவா என்றோர் ஏரி உண்டு. அது உறையும் நாளை அங்குள்ள கோயிற் பூசாரிகள் 1443-ஆம் ஆண்டு முதல் குறித்து வந்தனர். முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாத ஆண்டுகள் மூன்றே. அண்மைக் காலத்திலோ உறையாமை அடிக்கடி நிகழ்கிறது. பின்லாந்து நாட்டின் எல்லையில் ஓடும் தோர்னியோ ஆற்றில் பனிக்கட்டி உடையும் நாளை 1693-இல் ஒரு வணிகர் குறிக்கத் தொடங்கினார். உலகம் வெப்பமடைந்து வருவதை ஆராயும் அறிஞர் இன்று இவ்வேடுகளைத் தேடி எடுக்கின்றனர். எழுதியவர்கள் விஞ்ஞானிகளல்லர், ஆண்டு தவறாமல் பார்த்தவர்கள், அவ்வளவே.

ஸ்ரீமுஷ்ணம் கோயிலின் தலமரம் அரசு. அரசமரம் பின்பனியின் முடிவில் இலையுதிர்த்துச் செம்புநிறத் தளிர் விடும். அந்தத் தளிர் முதலில் தோன்றும் நாளை ஒரு நூறாண்டு எவரேனும் குறித்திருந்தால், அது எத்தகைய செல்வமாக இருக்கும்! நாள் குறிக்கத் தமிழ்த் திங்களே போதும். அது கதிரவன் போக்கைத் தழுவியது. மாசிமகமோ நிறைமதியைச் சார்ந்து ஆண்டுதோறும் முன்பின்னாக வருவதால், ஆண்டோடு ஆண்டை ஒப்பிட உதவாது.

காத்திருக்கவும் காலமில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியபோது, பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. ஒரு முந்திரி மரம் எந்நாளில் பூத்து வந்தது என்பதைச் சொல்ல, சாய்ந்த மரத்தால் இயலாது. சாலையை அகலப்படுத்தும்போது வெட்டுண்ட புளியமரங்களின் கதையும் அதுவே. மரம் போனபின், மற்றொன்றை நடலாம். அதன் நாட்குறிப்பை எங்கே தேடுவது?

‘மாசியும் பங்குனியும் தேர்வுக் காலமாயிற்றே! பிள்ளைகள் படிப்பார்களா, மரத்தைப் பார்ப்பார்களா?’ என்று பெற்றோர் கேட்பர். கேள்வி நியாயமானது. ஆண்டின் அழகிய பருவத்தில் இளைஞரை அறைக்குள் அடைத்து வைக்கும் முறையைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. ஆயினும் அதை இன்றே மாற்ற இயலாது. நான் கேட்பது நாளொன்றுக்கு ஒரு வரி: நாள், மரம், கண்டது. அதற்கென்று தனியே பொழுது ஒதுக்க வேண்டியதில்லை. தேர்வெழுதச் செல்லும் வழியிலும் ஒரு வேப்பமரம் நிற்கத்தானே செய்யும்?