ஆயத்தக் கோட்டும் தையற்காரரும்

நேர்முகப் பரீட்சைக்கோ திருமணத்துக்கோ அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் ஆயத்தக் கோட்டு வாங்குகிறோம். அதனைத் திருத்தக் கொடுக்குமுன் சிறிது சிந்தித்தல் நன்று. வெட்டிய துணி மீளாது.

இடுப்பை ஒடுக்குவதும் காற்சட்டையின் நீளத்தைக் குறைப்பதும் எளிது. தோளைத் திருத்துவதோ கோட்டையே பிரித்துத் தைப்பதற்கு ஒப்பாகும். ஆதலின் தோள் பொருந்தும் கோட்டையே வாங்குதல் வேண்டும்.

நல்ல தையற்காரரை எவ்வாறு அறிவது? அவர் அளவுநாடாவை எடுக்குமுன் உட்புறத்தைத் திருப்பி, தையலோரத்தில் எவ்வளவு துணி மிச்சமுள்ளதெனப் பார்ப்பார். கோட்டை அணிவித்து, சப்பாத்துடன் நிற்கச் செய்து, குண்டூசி குத்தி அடையாளமிடுவார். இயலாததை இயலாதென்றே கூறுவார்.

எல்லாம் முடியும் என்பவரிலும், முடியாது என்று சொல்லத் துணிந்தவரையே நாம் நம்பலாம்.