தொண்டையடைப்பானும் பிந்திய ஊசியும்

பெரும்போக விதைப்புக்கு வேண்டிய விதைநெல்லை ஆவணியிலேயே தேடி வைக்குங் கமக்காரர், அதே வீட்டின் பட்டியில் நிற்கும் எருமைக்கு வேண்டிய ஊசியை மாத்திரம் அயற்பட்டியில் ஒரு மாடு விழுந்த பின்னரே தேடுகின்றார். இவ்வழக்கம் தவறானது என்பது எமது துணிபு. இது கவலையீனத்தால் மட்டும் நேர்ந்ததன்று. நோயின் இயல்பைப் பற்றி ஆராய்ச்சியாளர் அறிந்தவை கமக்காரரின் படலை வரை வந்து சேராமையும் இதற்குக் காரணமாகும்.

தொண்டையடைப்பானை விளைவிப்பது பாச்சுரெல்லா மல்ற்றோசிடா என்னும் பற்றீரியாவாகும். ஆசிய நாடுகளில் இந்நோயை உண்டாக்கும் வகை பெரும்பாலும் பி என்னும் எழுத்தாற் குறிக்கப்படுவது. மூக்கு, வாய் ஆகியவற்றின் வழியே புகும் இக்கிருமி தொண்டையிலுள்ள உண்ணாக்குச் சுரப்பிகளிற் பெருகி இரத்தத்திற் கலக்கின்றது. கடுங்காய்ச்சல், வாயில் நீரொழுகல், தொண்டையின் கீழ்ச் சூடான வீக்கம், மூச்சுத் திணறல் என்பன ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். காலையில் மேயச் சென்ற விலங்கு மறுநாட் காலையில் இறந்து கிடப்பதும் உண்டு. மாட்டிலும் எருமையே இதற்கு எளிதில் இரையாகும். அதிலும் ஆறு மாதத்திற்கும் இரண்டு வயதிற்கும் இடைப்பட்ட கன்றுகளே மிகுதியாக மடிகின்றன.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். அடைப்பான் என்ற சொல்லை அந்திராக்சு நோய்க்கும் வழங்குவோர் உளர். இரண்டும் வெவ்வேறு கிருமிகளால் வருவன. அவற்றுக்குரிய தடுப்பூசிகளும் வெவ்வேறானவை. “அடைப்பானுக்கு ஊசி போட்டாயிற்று” என்று ஒருவர் கூறினால், எந்த அடைப்பானுக்கு என்று கேட்டறிவதே முறை.

இக்கிருமி எங்கிருந்து வருகின்றது என்ற வினாவுக்குக் கிடைத்த விடையே நாம் கருத்திற் கொள்ளவேண்டியது. மழையும் சேறுமே நோயைக் கொண்டுவருகின்றன என்பது ஊரார் கொள்கை. அதில் உண்மையும் உண்டு. ஈர நிலத்திலும் நீரிலுங் கிருமி சிறிது காலம் உயிரோடிருந்து பரவும். ஆனால் ஒரு மழைக்கும் மறு மழைக்கும் இடையில், மாதக்கணக்காக அது சேற்றிற் கிடப்பதில்லை. நோய் கண்டு பிழைத்தனவும், நோய்க்குறி காட்டாமலே தொற்றுப் பெற்றனவுமான சில விலங்குகளின் தொண்டைச் சுரப்பிகளிலேயே அது ஒளிந்திருக்கின்றது. பேராதனையை அடுத்த கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்தில் எம். சி. எல். டி அல்விஸ் அவர்களும் அவரோடு பணியாற்றியவர்களும் இவ்வாறு கிருமி தாங்கும் விலங்குகளைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். 1999 ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளிவந்த நூல் இந்நோய் பற்றி ஆசிய நாடுகளெங்கும் எடுத்தாளப்படுவதாகும். எமது வறண்ட வலயத்து எருமைகளிடமிருந்து பெற்ற அறிவு பிறநாட்டு மந்தைகளுக்கும் பயன்பட்டிருக்கின்றது.

ஒளிந்திருக்குங் கிருமி எத்துணைக் கொடியதாக மாறக்கூடும் என்பதைக் கசக்ஸ்தான் நாடு 2015 ஆம் ஆண்டு மே மாதத்திற் கண்டது. அந்நாட்டுப் புல்வெளிகளிற் சைகா என்னும் மான்கள் மூன்று கிழமைகளுக்குள் 200,000 இற்கு மேல் மடிந்தன. அவற்றைக் கொன்றதும் இதே பாச்சுரெல்லாவின் பி வகையே. கிருமி புதிதாக எங்கிருந்தோ வந்ததென்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. முன்னரே அவ்விலங்குகளின் தொண்டையில் அமைதியாக இருந்தது, அளவுக்கு மீறிய ஈரமும் வெப்பமும் சேர்ந்த சில நாட்களிற் கிளர்ந்தெழுந்தது என்பதே ஆராய்ந்தோர் முடிவு. சைகா மானுக்குக் காலம் பார்த்து ஊசி போடுவாரில்லை. எமது எருமைக்கு உண்டு.

இனி ஊசியைப் பற்றிய மனக்குறைக்கு வருவோம். “ஊசி போட்ட மறுநாளே என் எருமை செத்தது” என்று கூறுங் கமக்காரரைப் பொய்யரென்று தள்ளிவிடுதல் முறையன்று. அவர் கண்டது உண்மை. அதற்கு அவர் கொண்ட காரணமே பிழை. ஊரில் நோய் புகுந்த பின் ஊசியேற்றும்போது, சில விலங்குகளின் உடலிற் கிருமி ஏற்கெனவே பெருகத் தொடங்கியிருக்கும். தடுப்பூசியால் எதிர்ப்புச் சத்தி உண்டாக இரண்டு மூன்று கிழமைகள் செல்லும். நோயோ இரண்டொரு நாளிற் கொன்றுவிடும். ஆகவே பிந்திய ஊசி விலங்கைக் காப்பதுமில்லை. அடுத்த ஆண்டு ஊசி போடுவோருக்கு அவ்வூரில் நல்வரவு இருப்பதுமில்லை. ஒரு முறை பிந்தியதன் கேடு பல ஆண்டுகளுக்கு நீடிக்கின்றது.

வடகீழ்ப் பருவமழையை நம்பிய மாவட்டங்களில் ஆவணி, புரட்டாதி மாதங்களிலேயே ஊசி ஏற்றி முடிக்கவேண்டும். எண்ணெய் கலந்த தடுப்பூசி ஏறத்தாழ ஓராண்டு வரை காக்கும். படிகாரஞ் சேர்ந்தது நான்கு முதல் ஆறு மாதங்கள் வரையே காக்கும். எது போடப்பட்டது என்று கேட்டுக் குறித்து வைத்தல் நன்று. பத்துப் பட்டிகளில் இரண்டுக்கு மட்டும் ஊசி போட்டால் அவ்விரண்டும் பெரும்பாலும் தப்பலாம். குளத்தங்கரையில் ஒன்றாக மேயும் ஊர் மந்தைக்கு அது போதாது. இதனை ஒவ்வொருவர் விருப்பிற்கும் விடாது, வாய்க்கால் துப்புரவு செய்வதைப்போலக் கமக்காரர் சங்கத்தின் பொதுவேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே எமது கருத்து.

கமக்காரரை மட்டுங் குறைகூறி அமைதல் நீதியாகாது. காட்டோரத்தில் விடப்பட்ட எருமைகளைப் பிடித்துக் கட்டுவதற்குக் குறைந்தது ஒருநாட் பாடும் நாலு ஆட்களும் வேண்டும். மரக்கட்டைகளால் அடைத்த ஒடுங்கிய வழியொன்று ஊருக்கு ஒன்றாயினும் அமைக்கப்படாதவிடத்து, ஊசி போட வருவோர் கட்டியிருக்கும் மாடுகளுக்கே போட்டுவிட்டுத் திரும்புவர். உழவு இயந்திரம் வந்த பின் எருமை வயலை விட்டு விலகிற்று. அதனால் அதன் நலத்தை வயற்காரர் கூட்டங்களிற் பேசுவாருங் குறைந்தனர். ஆயினும் தயிர்ச் சட்டியின் வருவாயால் விதைப்புச் செலவை ஈடுசெய்யுங் குடும்பங்கள் இன்றும் உள்ளன.

மருந்துக் கடையில் நுண்ணுயிர்கொல்லியை வாங்கித் தாமே ஏற்றுவோருக்கும் ஒரு சொல். காய்ச்சல் தொடங்கிய சில மணி நேரத்திற்குள் தகுந்த மருந்து சேர்ந்தால் விலங்கு பிழைக்கலாம். வீக்கமும் மூச்சுத் திணறலுங் கண்டபின் பெரும்பாலும் பயனில்லை; கிருமியிலிருந்து வெளிப்பட்ட நஞ்சு அதற்குள் உடலெங்கும் பரவிவிடுகின்றது. கோழி வளர்ப்பிலோ இம்மருந்துகளின் துர்ப்பிரயோகம் இன்னும் மிகுதி. மூக்கொழுகல், முகவீக்கம், இழுப்பு என்பவற்றை உண்டாக்குங் கிருமிகள் பல. ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு உதவாதிருக்க, எல்லாவற்றுக்கும் ஒரே தூளைத் தண்ணீரிற் கரைத்துக் கொடுக்கின்றனர். தெற்றாசைக்கிளின் போன்ற மருந்துகளிற் பெரும்பகுதி சிதையாமலே எச்சத்தோடு வெளியேறும். அவ்வெச்சம் மிளகாய்த் தோட்டத்திற்கும் கோவாப் பாத்திக்கும் பசளையாக வருகின்றது. மருந்துக்கு மசியாத கிருமிகள் அவ்வழியே பரவுவதால், மரக்கறிச் செய்கையாளருக்கும் இது பிறர் வீட்டுக் கதையன்று. கோழிப் பசளையை நன்றாக உக்கவைத்து இடுவதே தக்கது.

முற்காப்பின் மேன்மையை உலகுக்கு உணர்த்தியவற்றுள் ஒரு கோழி நோயும் உண்டு. லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர், கோழிக் கொலரா நோயின் கிருமி நாட்பட வளர்த்தால் வலுவிழக்கும் என்பதையும், அவ்வாறு வலுவிழந்ததை ஏற்றிய கோழி பின்னர் அந்நோயைத் தாங்கும் என்பதையும் 1880 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்கிருமியும் பாச்சுரெல்லா மல்ற்றோசிடாவே. அதன் குலப்பெயரும் அவர் பெயராலேயே அமைந்தது.

ஆராய்ச்சி கன்னொறுவையிலே தொடங்குவதில்லை. இறந்த விலங்கின் அருகிலே தொடங்குகின்றது. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலையொட்டி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் மடிந்தபோது, கொள்ளை நோயோ என்ற அச்சம் பரவிற்று. மாதிரிகள் எடுத்து ஆராயப்பட்டபின்னரே, திடீர்க் குளிரே காரணம் என்று அறிவிக்க முடிந்தது. சொல்லாமற் புதைத்துவிட்டால் அத்தகைய விடை எவருக்குங் கிடையாது. நோயுற்ற மாட்டை இறைச்சிக்கு விரைந்து விற்றுவிடுவதோ கிருமியை அடுத்த ஊருக்கு ஏற்றியனுப்புவதாகும்.

விலங்கு திடீரென இறந்து, மூக்கு, வாய், குதம் என்பவற்றில் உறையாத கருங்குருதி காணப்படின் அது அந்திராக்சாக இருக்கலாம். அவ்வுடலை எக்காரணங்கொண்டும் அறுத்தலாகாது. ஏனையவற்றில், மிருக வைத்தியர் வரச் சுணங்கி உடல் அழுகத் தொடங்கினும் நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை. நீண்ட காலெலும்பின் உள்ளேயிருக்கும் மச்சையை அழுகல் எளிதில் அணுகாது. அதிலிருந்து கிருமியை வளர்த்தறிய முடியும். எலும்பை எடுப்பது வைத்தியரின் வேலை. அவர் வரும் வரை நாய்கள் தீண்டாதபடி உடலை முள்வேலியாலாவது அடைத்து, மற்ற மாடுகளை அவ்விடத்து நீரில் இறங்கவிடாது மறிப்பதே உரியவர் செய்யவேண்டியது.