பாலத்தைப் பார்க்க வருவோரும் பாலத்தருகே வாழ்வோரும்

எல்ல முன்னர் இருந்த எல்ல அல்ல என்ற பேச்சு கடந்த சில ஆண்டுகளாகவே மலையகப் பயணங்களில் ஆர்வமுள்ளோர் மத்தியில் அடிபட்டு வருகின்றது. பாலத்தில் கால் வைக்க இடமில்லை, புகையிரதத்தில் உட்கார இடமில்லை, நீர்வீழ்ச்சிக்கு அருகில் நின்றால் நீரின் ஓசையை விடக் கடைகளின் ஒலிபெருக்கிச் சத்தமே அதிகம் கேட்கின்றது என்று குறைபடுவோர் ஒரு சாரார். கூட்டம் வந்தால்தானே பணம் வரும், பணம் வந்தால்தானே ஊர் முன்னேறும், இருபது ஆண்டுகளுக்கு முன் வந்துபோனவர்களின் பழைய நினைவுகளுக்காக ஊர் வளராமல் இருக்க முடியுமா என்று பதில் சொல்வோர் மறு சாரார். இரு தரப்பிலும் நியாயம் இருக்கின்றது. ஆயினும் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்து வருவோரே நடத்தும் இந்த விவாதத்தில், பாலத்தைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளில் வாழும் மக்களின் குரல் ஏறக்குறைய கேட்கப்படுவதேயில்லை என்பதையே நாம் முதலில் கவனிக்க வேண்டியவர்களாக இருக்கின்றோம்.

மேலைநாடுகளில் நுழைவுக் கட்டணம் செலுத்திச் செல்லும் பெரும் களியாட்டப் பூங்காக்களைப் பற்றியும் இத்தகைய விவாதங்கள் நடப்பதுண்டு. இராட்டினம் பழுதாகிவிட்டது, வரிசை நீண்டுவிட்டது, கட்டணம் கூடிவிட்டது, தரமோ குறைந்துவிட்டது என்று அங்குள்ள இரசிகர்கள் முறையிடுகின்றனர். ஆனால் அந்தப் பூங்காவுக்கு ஓர் உரிமையாளர் இருக்கின்றார். முறைப்பாட்டை எவரிடம் சொல்ல வேண்டும் என்பதாவது அங்கே தெரியும். எல்லவில் அதுவும் இல்லை. பாலமும் தண்டவாளமும் புகையிரதத் திணைக்களத்துக்குரியவை. அவற்றைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளிற் பல பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகையில் உள்ளன. காடு வன நிர்வாகத்தைச் சேர்ந்தது. குப்பை பிரதேச சபைக்குரியது. மாகாண மட்டத்தில் இவற்றை ஒருங்கிணைக்க வேண்டிய ஊவா மாகாண சபைக்கு இறுதியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்ரெம்பரில். அதன் பதவிக்காலம் 2019இல் முடிவடைந்தபின் நிர்வாகம் ஆளுநரின் கைக்குச் சென்றது. இத்தனை பேருக்கும் சொந்தமான ஓரிடம் எவருடைய பொறுப்பிலும் இல்லாமற் போவதில் வியப்பில்லை.

இந்தப் பாதையின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பயனுள்ளது. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லவே மலையகப் புகையிரதப் பாதை அமைக்கப்பட்டது. 1894இல் பண்டாரவளையை எட்டிய பாதை பதுளையை வந்தடைய மேலும் 30 ஆண்டுகள் சென்றன. 1924இற்றான் பதுளை நிலையம் திறக்கப்பட்டது. இடையிலிருந்த நிலப்பரப்பின் கடினம் அத்தகையது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் இரும்புச் சட்டங்கள் இன்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் 1921இல் எழுப்பப்பட்டது. முதலாம் உலகப் போருக்காக இரும்பு திருப்பி விடப்பட்டதால் உள்ளூர்க் கட்டடக் கலைஞர் அப்புஹாமி கல்லிலேயே கட்டிக் காட்டினார் என்பது கர்ணபரம்பரைக் கதை. தெமோதரையில் தண்டவாளம் மலையைச் சுற்றி வளைந்து தனது நிலையத்துக்குக் கீழாகவே சுரங்கத்தில் நுழைவதற்கும் ஒரு கதை உண்டு. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்தே பொறியியலாளருக்கு அந்த யோசனை பிறந்ததாம். கதையின் உண்மை எப்படியும் இருக்கட்டும். உலகம் வியக்கும் காட்சியொன்றின் பிறப்பில் ஒரு தோட்டத் தமிழனின் தலைப்பாகைக்கு இடம் கொடுத்த இந்த மண், இன்று அந்தக் காட்சியின் வருமானத்தில் அவனது பேரப்பிள்ளைகளுக்கு என்ன இடம் கொடுத்திருக்கின்றது என்பதே எமது கேள்வி.

நாட்டுக்கு வருகை தந்த உல்லாசப் பயணிகளின் தொகை 2025இல் 23 இலட்சத்தைத் தாண்டி, 2018இன் சாதனையையும் முந்தியது. அவர்களிற் கணிசமானோர் எல்லவை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. புகைப்படங்களிற் கூடையும் சேலையுமாய்ச் சிரிக்கும் பெண்ணின் நாட்சம்பளமோ நீண்ட போராட்டங்களின் பின் 2021இல் 1,000 ரூபாவையும் 2024இல் 1,350 ரூபாவையும் எட்டியது. அதனை 1,550 ரூபாவாக்கி, வேலைக்கு வரும் நாளொன்றுக்கு அரசாங்கத்தின் சார்பில் 200 ரூபா ஊக்குவிப்புத் தொகை சேர்க்கும் முன்மொழிவு 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றது. இவையெல்லாம் கொழுந்துக்கான கூலி. காட்சிக்கான கூலி எதுவும் இல்லை. லிப்டன் சீட்டின் உச்சிக்கு ஏறும் வீதி தம்பேதென்னைத் தொழிற்சாலையில் இருந்து தேயிலை மலைகளையும் குடியிருப்புகளையும் ஊடறுத்தே செல்கின்றது. 1890இல் தோமஸ் லிப்டன் கால் பதித்த அந்தத் தோட்டங்களின் பெயரை அறியாத வெளிநாட்டவர் குறைவு. அந்த வீதியோரத்து லயன்களின் கூரையை அறிந்தவர் அதனிலும் குறைவு.

இதில் சட்டத்துக்கும் ஒரு பங்குண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டப் பகுதிகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகவே இருந்து வந்தது. தோட்ட மக்கள் வாக்களிப்பார்கள், உறுப்பினர்களைத் தெரிவு செய்வார்கள், ஆனால் அந்த உறுப்பினர் தமது லயத்துக்கு வரும் பாதையில் ஒரு கல்லைக் கூடச் சபை நிதியில் பதிக்க முடியாது. இந்த விசித்திரம் 2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வரை நீடித்தது. தடை நீங்கி ஆண்டுகள் கடந்துவிட்டன. ஹோட்டல்களின் வாசல் வரை கொங்கிறீற் வீதி செல்கின்றது. அதற்கு அப்பால் தோட்டக் குடியிருப்புக்குச் செல்லும் பாதை சேறாகவே கிடக்கின்றது. சட்டம் மாறிய அளவுக்குப் பழக்கம் மாறவில்லை.

புகையிரதத்தின் கதை இன்னும் வருத்தம் தருவது. கண்டிக்கும் எல்லவுக்கும் இடையிலான புகையிரத டிக்கட்டுகள் இணையத்தில் வெளியிடப்பட்டு 42 விநாடிகளில் தீர்ந்து போயின என்று 2025 ஜனவரியில் அமைச்சரவைப் பேச்சாளர் நளிந்த ஜயதிஸ்ஸ அறிவித்தபோது நாடு திகைத்தது. மொத்தமாக வாங்கிப் பல மடங்கு விலைக்கு விற்ற வியாபாரம் பற்றிய விசாரணைகளும் கைதுகளும் தொடர்ந்தன. உல்லாசப் பயணி ஏமாற்றப்பட்டான் என்ற கோணத்திலேயே அந்தச் செய்தி பேசப்பட்டது. பதுளை ஆஸ்பத்திரிக்கு நோயாளியுடன் செல்லும் ஹாலி எலத் தோட்டத்துத் தாயும், பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் ஹப்புத்தளை மாணவனும், பண்டாரவளையிற் சரக்கு வாங்கித் திரும்பும் முஸ்லிம் சிறு வியாபாரியும் மூன்றாம் வகுப்புப் பெட்டியின் வாசலில் தொங்கிச் செல்வது செய்தியாகவில்லை. அதே வாசலில் படம் பிடிப்பதற்காகத் தொங்கி உயிரிழந்த வெளிநாட்டவர்களின் செய்தி மட்டும் உலகைச் சுற்றியது.

பள்ளிவாசல் முற்றத்தில் இருந்து பஸ் பிடித்து, கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் இருந்து பெருநாள் விடுமுறையில் மலையேறி வரும் குடும்பங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். வெள்ளவாய வீதியோரத்தில் பாய் விரித்துச் சஹனைச் சுற்றி அமர்ந்து சாப்பிட்டுவிட்டு இராவணன் நீர்வீழ்ச்சியில் குளித்துவிட்டுச் செல்லும் உள்நாட்டுப் பயணிகள் அவர்கள். பெண்களுக்கு ஒழுங்கான கழிவறையும் உடைமாற்றும் அறையும் தேடி அவர்கள் படும் பாடு சொல்லுந்தரமன்று. டொலர் கொண்டு வருபவருக்கே வசதி என்ற மனோபாவம் உள்நாட்டவரின் தேவையைக் கணக்கில் எடுப்பதில்லை. (அவர்கள் விட்டுச் செல்லும் பொலித்தீன் பைகளைப் பற்றியும் இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.)

தரம் என்பது அழகு மட்டுமன்று. அது உயிரோடும் சம்பந்தப்பட்டது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை ஊவா மறக்கவில்லை. முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும் மக்களுக்கு மாற்றிடம் கிடைக்கவில்லை. 2025 செப்ரெம்பர் 4ஆந் திகதி இரவு எல்ல – வெள்ளவாய வீதியில் தங்காலையைச் சேர்ந்தோர் பயணித்த சுற்றுலா பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் பலியாகினர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைக் காவு கொண்டபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களிற் சிதைந்து, கொழும்பிலிருந்து பதுளைக்கான நேரடிச் சேவை தடைப்பட்டது. மலையைச் செங்குத்தாக வெட்டி மாடி ஹோட்டல்களை எழுப்பும் போதும், மழைநீர் ஓடும் கானை மூடிக் கடை போடும் போதும் இவற்றை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? மேலே வெட்டப்படும் மண்ணின் விளைவு கீழே உள்ள லயத்தின் மீதே வந்து விழுகின்றது.

கட்டுப்பாடு விதித்தால் வியாபாரம் அழிந்துவிடும் என்று அஞ்சுவோருக்கு நீலகிரியின் அனுபவத்தைச் சுட்டிக் காட்டலாம். சென்னை மேல் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இணைய அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என வாகன எல்லையும் வகுக்கப்பட்டது. அங்குள்ள வியாபாரிகள் கடையடைப்புச் செய்து எதிர்த்தனர் என்பதும் உண்மை. எனினும் உள்ளூர் மக்களின் வாகனங்களுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது என்பதே எமக்கு முக்கியமாகப் படுகின்றது. எல்லை வகுக்கும்போது ஊரவனை முதலில் உள்ளே வைத்துக்கொண்டு, பின்னரே வெளியிலிருந்து வருவோரை எண்ண வேண்டும்.

எல்லவுக்கும் அத்தகையதோர் ஏற்பாடு தேவைப்படுகின்றது. பாலத்துக்கு நாளொன்றுக்கு எத்தனை பேர் என்பதை வகுக்கலாம். நுழைவுக் கட்டணங்களிலும் சிப் லைன் போன்ற கேளிக்கைகளின் குத்தகை வருமானத்திலும் ஒரு பங்கை அந்தந்தத் தோட்டத்தின் வீதிக்கும் வீட்டுக்கும் சட்டபூர்வமாக ஒதுக்கலாம். வழிகாட்டி வேலையிலும் துப்புரவுப் பணி மேற்பார்வையிலும் தோட்டத்து இளைஞர்களுக்கு முதலிடம் வழங்கலாம். அவ்விளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்த பின்னர், மலையை அறிந்தவர் எவரும் மலையில் இருக்கமாட்டார்கள்.

சிதைந்த பாதை சீராகிப் பழைய ஒழுங்கில் வண்டிகள் ஓடும்போது புதிய கால அட்டவணையும் வெளியாகும். சுற்றுலாப் பெட்டிகள் எத்தனை, அவற்றின் கட்டணம் எவ்வளவு என்பதைப் பலரும் தேடிப் பார்ப்பார்கள். தெமோதரையிலும் ஹாலி எலவிலும் காலை வேளையில் நின்று செல்லும் சாதாரண வண்டியில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் எத்தனை சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பதை நாம் தேடிப் பார்ப்போம்.